சடங்கன்பாடியின் கரைக்கோடு

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்னால் நின்றால் அலைத் தூறல் முகத்தில் படும். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது கொட்டி வைத்த கருங்கல் குவியல்தான். இந்த இடத்தில் கோயில் கட்ட யாருமே துணிந்திருக்க மாட்டார்கள். கடலோரத்துக்காரர்கள் குடிசை போடுவதற்கே அலையிலிருந்து எட்டத் தள்ளித்தான் இடம் பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாக நிற்கவேண்டும் என்று கல்லில் எழுப்புகிற கோயிலுக்கு இன்னும் தள்ளியே இடம் பார்த்திருப்பார்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஐ ஒட்டி இது எழுந்தபோது முன்னால் மணல்வெளி இருந்திருக்கும். திருவிழாக் கூட்டம் நிற்க இடம் இருந்திருக்கும். ஒருவேளை தெருவே இருந்திருக்கும். அதையெல்லாம் கடல் எடுத்துக்கொண்டது. பிறகு கோயிலின் முன்பகுதியையும் எடுத்தது. இப்போது நாம் கும்பிடுவது, மிஞ்சியதை வைத்துப் புதுப்பித்த கோயிலை.

கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்றும் ஒரு பெயர் உண்டு. பட்டினம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கப்பல் வந்துபோகும் ஊரைத்தான் தமிழில் அப்படிச் சொல்வோம். டேனியர்கள் இங்கே வந்து இறங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது துறைமுக ஊர் என்பதற்கு அந்தச் சொல் சாட்சி. பருவநிலை மாறிவரும் இந்தக் காலத்தில் பழைய துறைமுகங்களை எப்படிப் பதிவுசெய்வது, எதைக் காப்பாற்ற முடியும் என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தக் கோயில் வாசலுக்கே திரும்பிவிடுகிறது. எழுநூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நட்டுவைத்த அளவுகோல் போல இது நிற்கிறது. நகர்ந்தது கடல்.

துறைமுகம் என்றவுடன் அலைதடுப்புச் சுவரும், கப்பல் அணைகிற மேடையும், பாரந்தூக்கியும் நினைவுக்கு வருகின்றன. சோழமண்டலக் கரையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படி எதுவும் இல்லை. கடற்கரை நேராக, மணலாக, ஒதுங்க வளைவில்லாமல் கிடக்கும். பெரிய கப்பல்கள் ஆழம் இருக்கும் இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆட்களும் கரைக்கு வருவது மசூலா படகில். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை முறியும் இடத்தில் தரை தட்டினால் வளைந்துகொடுக்கும், உடையாது. கட்டுமரங்கள் கப்பலுக்கும் கரைக்கும் செய்தி கொண்டுபோகும். இப்படிப்பட்ட துறைமுகத்தை இன்று தேடிப்போனால் என்ன கிடைக்கும்? கடலடியில் நங்கூரங்கள், உடைந்த கப்பலின் சரக்கு, கரையில் சுங்கச்சாவடி இருந்த இடம், பண்டகசாலையின் அடித்தளம், கிணறுகள். எஞ்சியது எல்லாம் மணலுக்குள். அந்த மணல்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் சார்பில் வந்த ஓவே கெட்டே பெரிய கனவோடு வந்தவர். மிளகும் துணியும் வாங்கிக் கொள்ளை லாபம் பார்க்கலாம் என்ற அந்தக் கனவு பெரும்பாலும் பலிக்கவில்லை. 1845-இல் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் இருந்த 225 ஆண்டுகளிலும் அவர்கள் ஓயாமல் எழுதினார்கள், வரைந்தார்கள், கணக்கு வைத்தார்கள். அந்தக் காகிதங்கள் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த தரங்கம்பாடிக் காட்சி ஓவியம் ஒன்று ஸ்வீடனின் ஸ்கோக்ளோஸ்டர் மாளிகையில் இருக்கிறது. 1733-இல் டிரெல்லுண்ட் என்பவர் ஊரையும் மதிலையும் தெருக்களையும் வரைபடமாக்கினார். வரிவசூலுக்கும் பாதுகாப்புக்கும் வரைந்தவைதான் இவை. கடல் அரிப்பை அளக்க ஒருநாள் உதவும் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க வழியில்லை.

பழைய வரைபடத்தை இன்றைய தரையின்மேல் பொருத்துவது பார்க்கச் சுலபம் போலத் தோன்றும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். முதலில் நகராத புள்ளிகள் வேண்டும். 1733 வரைபடத்துக்கு அவை கிடைக்கின்றன: கோட்டை, 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-இல் மதபோதகர் சீகன்பால்கு காலத்தில் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், இன்றும் அதே கோட்டில் ஓடும் தெருக்கள். இவற்றின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் உதவியோடு சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்து, பழைய தாளில் அதே இடங்களைக் குறித்து, தாளை இழுத்தும் திருகியும் ஒன்றின்மேல் ஒன்று படியவைக்கிறார்கள். எந்தப் புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று கணினி சொல்லிவிடும். அந்த விலகல்தான் அன்றைக்கு வரைந்தவரின் கைப்பிழை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் கரைக்கோட்டைப் பார்க்க வேண்டும். ஸ்கோக்ளோஸ்டர் ஓவியத்துக்குக் கோட்டையைத் தவிர உறுதியான புள்ளி அதிகமில்லை. அதனால் அதில் தெரிகிற கடற்கரையை மீட்டர் கணக்கில் நம்ப முடியாது. கோட்டைக்கு முன்னால் எவ்வளவு தாராளமான கரை இருந்தது என்ற உணர்வை மட்டும் அது தரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வரைந்தவர் கரை என்று எதைக் குறித்தார்? ஏற்றத்தின் போது தண்ணீர் தொட்ட இடத்தையா, வற்றத்தின் போதா? இந்தக் கரையில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தப் பிழை சிறியதுதான். பருவத்தால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரியது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் புயலும் கரையைத் தின்னும். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாகும்போது மணல் திரும்ப வந்து படியும். வரைபடத்தில் ஆண்டு இருக்கும், மாதம் இருக்காது. இத்தனை ஐயங்களையும் ஓரமாக எழுதி வைத்துக்கொண்டுதான் கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் கடல்சார் தொல்லியல் குழு பழைய வரைபடத்தையும் கோயில் இடிபாட்டையும் கடலடித் தேடலையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சுமார் 300 ஆண்டுகளில் கடல் ஏறத்தாழ 300 மீட்டர் ஊருக்குள் வந்திருக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. ஆண்டுக்கு ஒரு மீட்டர். ஒரு மனித ஆயுளில் எழுபது எண்பது மீட்டர். பாட்டி விளையாடிய இடம் பேத்திக்குக் கடல்.

இங்கேதான் பருவநிலை பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். கடல் மட்டம் உயர்வதால் கடல் உள்ளே வருகிறது என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கலாம். பல கட்டுரைகள் அப்படித்தான் சொல்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மணற்கரைகளுக்குக் கடல் பொறியாளர்கள் ஒரு தோராய விதி வைத்திருக்கிறார்கள்: மட்டம் ஒரு பங்கு உயர்ந்தால் கரை ஐம்பது முதல் நூறு பங்குவரை பின்வாங்கும். உயர்ந்த மட்டத்துக்கு ஏற்பக் கடலடி மணல் தன்னைச் சரிசெய்துகொள்ளக் கரையிலிருந்து மணலை இழுப்பதால் இது நடக்கிறது. இந்த விதிப்படி 20 சென்டிமீட்டருக்குக் கரை 10 முதல் 20 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் அதே காலத்தில் தரங்கம்பாடி இழந்தது நூறு மீட்டருக்கும் மேல். மீதி எங்கே போனது?

மணலிடம் கேட்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து அடித்து மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் அதே மணல் தெற்கே கொஞ்சம் திரும்பும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. கரையோரமாக ஓடும் மணல் ஆறு என்றே இதைச் சொல்லலாம். அதில் குறுக்கே கல் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை எல்லாருக்கும் முன்னால் கற்றுக்கொண்டது. 1870-களின் நடுவில் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் 1881-இல் முடியும் தறுவாயில் இருந்தபோது புயல் வந்து உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். சுவரின் தெற்கே மணல் குவிந்து குவிந்து மெரினாவின் அகலம் ஆனது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் தெருக்களுக்குள் வந்தது. நாம் காற்று வாங்கப் போகும் மெரினா மணல், ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். நூறு ஆண்டு கழித்து, 1980-களின் கடைசியில் புதுச்சேரியில் அதே தவறு. துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தபின் ஊரின் முகமாக இருந்த மணற்கரை சில ஆண்டுகளில் மறைந்து, காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல் மட்டும் மிஞ்சியது.

மணல் ஆற்றுக்கு ஊற்று நிலத்து ஆறுகள். காவிரி முன்பெல்லாம் வெள்ளத்தோடு மணலையும் வண்டலையும் கொண்டுவந்து கடலில் கொட்டியது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவடைந்தபின் அந்தச் சுமையில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே அமர்ந்துவிடுகிறது. தப்பி வருவதைக் கட்டட வேலைக்கு அள்ளிவிடுகிறோம். வருமானம் குறைந்து செலவு குறையாத குடும்பம் கடனில் மூழ்குவது போல, டெல்டாக் கரை கடலிடம் நிலத்தை இழக்கிறது. தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டபோது, தமிழகத்தின் 991 கிலோமீட்டர் கரையில் 423 கிலோமீட்டர் அரிப்பில் இருப்பது தெரியவந்தது. இந்தியா முழுவதற்கும் எடுத்த சராசரியான மூன்றில் ஒரு பங்கைவிட இது அதிகம்.

அப்படியானால் பருவநிலை மாற்றத்துக்கு இதில் வேலை இல்லையா? இருக்கிறது, இனிமேல்தான் அதிகம் இருக்கப்போகிறது. வடஇந்தியப் பெருங்கடலில் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் என்ற அளவில் உயர்ந்த மட்டம், 1993-க்கும் 2017-க்கும் இடையில் 3.3 மில்லிமீட்டர் வேகத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கடலில் உயர்வுக்கு முக்கியக் காரணம் சூடு: தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. உலக அளவில் அதோடு பனியாறுகளும் பனித்தகடுகளும் உருகிச் சேர்கின்றன. கரிம உமிழ்வைக் கடுமையாகக் குறைத்தாலும் 2100-க்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காவிட்டால் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரும் என்று பன்னாட்டுப் பருவநிலைக் குழு சொல்கிறது. மேலே சொன்ன விதியில் இதைப் போட்டால் அரை மீட்டருக்கு 25 முதல் 50 மீட்டர் கரை போகும். மாசிலாமணிநாதர் கோயிலுக்கு முன்னால் அவ்வளவு கரை மிச்சமில்லை. மணல் பஞ்சத்தில் ஏற்கெனவே மெலிந்துபோன கரைமேல் இந்தச் சுமை விழுகிறது. நோயாளிக்கு வந்த இரண்டாவது நோய் இது.

தரங்கம்பாடிக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் பூம்புகார். வரைபடம் இல்லாத ஊருக்கு என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம். கிரேக்கர் தாலமி தன் நிலநூலில் கபேரிஸ் என்று குறித்த வணிகத்துறை அது. இலக்கியம் நமக்கு மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் நாளங்காடியையும் தெருத்தெருவாகச் சொல்கிறது. ஆனால் எந்தத் தெரு எந்தத் திசையில் எத்தனை அடி என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. அதனால் ஆய்வாளர்கள் கடலிடமும் மண்ணிடமும் துண்டு துண்டாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் தோண்டியபோது பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டுவதற்காக நட்ட மரக்கம்பங்கள் அதனருகே இருந்தன. கார்பன் ஆய்வு அவற்றைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தவை என்றது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு மரக்கம்பம் மக்காமல் எப்படி இருந்தது? ஈரமான களிமண்ணில் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கும் பெரும்பாலான பாக்டீரியாவுக்கும் வாழ்க்கை இல்லை. கடலுக்குள் மரத்தைத் துளைத்து அழிக்கும் கப்பல்புழுவும் சேற்றுக்குள் வராது. அதே கம்பத்தை மண்ணை விலக்கி வெயிலில் நிறுத்தினால் சில வாரங்களில் சுருங்கி வெடித்துவிடும். கடலில் மணல் விலகி வெளிப்பட்டால் புழு வந்து சேரும். மணல்மூடி கழன்றவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கடலடித் தொல்லியலாளர்கள் கண்டதையெல்லாம் அள்ளி மேலே கொண்டுவராமல், முடிந்தவரை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

பூம்புகாரிலும் வானகிரியிலும் அலை வந்து வந்து போகும் இடத்தில் சுடுமண் உறைகிணறுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். எனக்கு இவற்றைவிட உருக்கமான தொல்பொருள் வேறில்லை. உறைகிணறு என்பது சுட்ட வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறக்கிக் கட்டுவது. மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கும். அதைத் தொட்டுக் குடிநீர் எடுக்கத்தான் கடலோரத்தில் கிணறு. அலை அடிக்கும் இடத்தில் யாரும் குடிநீர்க் கிணறு தோண்ட மாட்டார்கள். ஆகவே கடல்நீர் தொடும் இடத்தில் ஓர் உறைகிணறு இருந்தால், அதைச் சுற்றி ஒருகாலத்தில் வீடு இருந்தது, வீட்டுக்கு முன்னால் நிலம் இருந்தது, அதற்கும் அப்பால்தான் கடல் இருந்தது என்று பொருள். சில இடங்களில் சுற்றியிருந்த மண் கரைந்துபோய், தரைக்குள் இருக்க வேண்டிய கிணறு புகைபோக்கி போலத் தலைநீட்டி நிற்கும். அடுத்த பெரிய அலையில் வளையங்கள் சரிந்து ஓடாகிவிடும். அதற்கு முன்னால் யாராவது அளந்து படமெடுத்தால் உண்டு.

பூம்புகார் என்றாலே பலர் கேட்பது கடலுக்குள் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் 1990-களில் கண்டறிந்த குதிரைலாட வடிவ அமைப்பைப் பற்றித்தான். அதை வைத்துப் பெரிய பெரிய கதைகள் எழுந்துவிட்டன. கடல் மட்டம் இன்றைவிட இருபது மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு. பல ஆயிரம் ஆண்டுகளாக மட்டம் ஏறக்குறைய இன்றைய நிலையிலேயே இருந்து வருகிறது. ஆகவே சங்ககாலத் துறைமுகம் 23 மீட்டர் ஆழத்துக்குப் போவதற்குக் கடல் மட்டம் ஏறியது காரணமாக இருக்க முடியாது. அந்த அமைப்பு மனிதர் கட்டியதுதானா என்பதற்கே உறுதியான சான்று வேண்டும். எனக்கு அந்த ஆழத்து மர்மத்தைவிட, முழங்கால் ஆழத்தில் இந்த ஆண்டு நொறுங்கப்போகிற உறைகிணறுதான் அவசரம்.

எல்லாத் துறைமுகங்களையும் கடல் விழுங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இன்று கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்வெளியில் கிடக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. ரோமானியச் சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேட்டை அரிப்பது கடலைவிட அதை ஒட்டி ஓடும் அரியாங்குப்பம் ஆறு. ஒவ்வொரு துறைக்கும் நோய் வேறு, அதனால் மருந்தும் வேறு.

மருந்து என்று வந்தால் நம் கைக்கு முதலில் வருவது கருங்கல். கல் கொட்டியதால்தான் மாசிலாமணிநாதர் கோயிலின் மிச்சம் இன்று நிற்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு கொட்ட வேண்டும். சரிவான மணலில் ஏறும் அலை தன் வேகத்தை மணலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும். கல்சுவரில் மோதும் அலை வேகத்தோடு திரும்பிச் சுவரின் அடியைத் தோண்டும். சுவர் முடியும் இடத்தில் பக்கத்துக் கரை இன்னும் வேகமாக அரிக்கும். அந்தப் பக்கத்துக் கரையில் மீனவர் குப்பம் இருக்கும், படகு ஏற்றும் இடம் இருக்கும். ஒரு நினைவுச்சின்னத்தைக் காப்பாற்ற ஒரு குப்பத்தின் கரையைக் கொடுக்கலாமா என்பதைப் பொறியியல் தீர்மானிக்க முடியாது. அந்தக் குப்பத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. புதுச்சேரியில் தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் வேறு வழியை முயன்றது. தண்ணீருக்கு அடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்து அலையின் வேகத்தைக் கரைக்கு முன்பே குறைத்தார்கள். மணல் திரும்பி வந்து தங்கியது; காணாமல்போன கடற்கரையில் குழந்தைகள் மறுபடி விளையாடினார்கள். ஆனாலும் அதே ஊரின் பழைய துறைமுகப் பாலம், 1960-களில் கட்டியது, 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. மத்தியதரைக் கடலோரத் தாழ்நிலங்களில் உள்ள 49 உலகப் பாரம்பரியச் சின்னங்களை 2018-இல் ஓர் ஆய்வு எடுத்துப் பார்த்தபோது, 37-க்கு வெள்ள ஆபத்தும் 42-க்கு அரிப்பு ஆபத்தும் இப்போதே இருப்பது தெரிந்தது. வெள்ளத்தைத் தடுக்க வெனிஸ் அளவுக்குப் பணம் செலவழிக்க எல்லா ஊராலும் ஆகாது.

அதனால்தான் பதிவுசெய்வது முதல் வேலை என்கிறேன். இடிவதற்கு முன்னால் ஒரு சுவரை எப்படிப் பதிவுசெய்வது? ஒரு நல்ல கேமராவும் பொறுமையும் இருந்தால் போதும் என்ற நிலை இன்று வந்துவிட்டது. சுவரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் பாதிக்கு மேல் மறுபடி வரும்படி நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். ஒரே கல் பல கோணங்களில் பதிவாகும்போது, நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வது போலக் கணினி அந்தக் கல் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து சுவரின் முப்பரிமாண உரு எழுகிறது. அதில் அளவு சரியாக வர, அங்கங்கே ஒட்டிய அடையாளத் தாள்களின் இருப்பிடத்தைத் தனியாக அளந்து கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே சுவரை மறுபடி எடுத்து இரண்டு உருக்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், எந்தக் கல் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பது நிறத்தில் தெரியும்.

கலங்கிய தண்ணீருக்குள் இந்த வித்தை செல்லாது. காவிரி முகத்துக் கடல் கலங்கல். பல நாட்களில் முக்குளிப்பவருக்குத் தன் கையே சரியாகத் தெரியாது. அங்கே கண்ணுக்குப் பதில் காது. கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி அது கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும். பக்கவாட்டில் அனுப்பும் ஒலி, மணலிலிருந்து துருத்தி நிற்கும் பொருளின் நிழலைக் காட்டும். தாழ்ந்த சுருதி கொண்ட ஒலி மணலுக்குள்ளும் புகுந்து புதைந்ததைச் சொல்லும்.

ஆனால் எங்கே கருவியை இறக்குவது? பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் சிதைவு கிடக்கிறது. உள்ளூர் மீனவர்கள் சொன்ன தகவலைக் கொண்டு அங்கே இறங்கிய தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் ஈயக் கட்டிகளை எடுத்தார்கள். அவற்றின்மேல் டபிள்யூ பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தபோது அது பிரிட்டன் சுரங்கத்து ஈயம் என்று தெரிந்தது. அந்தச் சிதைவுக்கு முதலில் கிடைத்த வரைபடம் மீனவரின் மனத்தில் இருந்தது. கரையில் கோபுரம் ஒன்றையும் பனை ஒன்றையும் நேர்க்கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களைப் பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை சிக்கும் என்று தகப்பன் மகனுக்குச் சொல்லித்தருவார். ஜிபிஎஸ் வந்தபின் இளைய தலைமுறைக்கு அந்தக் கோடுகள் தேவைப்படுவதில்லை. பனையும் கடலில் விழுந்துவிட்டது. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு படகில் போய், ஒவ்வொரு கடலடிப் பாருக்கும் சேற்றுப் பள்ளத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயரோடு இடத்தையும் குறித்துக்கொண்டு வரவேண்டும். இதற்குச் சோனார் அளவுக்குச் செலவில்லை. இதைச் செய்யாமல் விட்டால் எந்த சோனாராலும் மீட்க முடியாது.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஸ்கேப் அமைப்பு, கரையோரத்து ஊர்க்காரர்களையே காவலர்களாக்கியது. நாய் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கப் போகிறவர், புயலுக்கு மறுநாள் புதிதாகத் தெரியும் கல்வரிசையைப் படமெடுத்து இடத்தோடு அனுப்புகிறார். எது முதலில் அழியும் என்ற பட்டியலை அதை வைத்து வல்லுநர்கள் திருத்துகிறார்கள். அயர்லாந்தும் வேல்ஸும் சேர்ந்து 2017-இல் செரிஷ் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒரே தீவையும் ஒரே முனையையும் திரும்பத் திரும்ப அளந்தன. இரண்டிலும் நான் எடுத்துக்கொள்வது இந்தத் திரும்பத் திரும்ப என்ற சொல்லைத்தான். ஒருமுறை அளந்தால் படம் கிடைக்கும். பலமுறை அளந்தால்தான் வேகம் கிடைக்கும், எது அடுத்து விழும் என்று சொல்ல முடியும்.

தரங்கம்பாடியில் இதை நாளைக்கே தொடங்கலாம். கோட்டையின் கடல்பக்கச் சுவரில் ஒரு கல், கோயிலின் அதிட்டானத்தில் ஒரு கல், தெற்கே படகுகள் ஏற்றும் இடத்தில் அசையாத ஒரு குற்றி. மூன்றிலிருந்தும் கிழக்கே நேராக நாடா பிடித்து, கடைசியாக அலை நனைத்த கோடுவரை அளக்க வேண்டும். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் அதே கல்லின்மேல் கேமராவை வைத்து வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு படம் எடுக்க. ஊர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும், வலை காயும் நேரத்தில் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் இரண்டு மீனவர்களும் போதும். வாடை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒருமுறை, சித்திரையில் மணல் நிறைந்து கிடக்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு புயலுக்கும் மறுநாள் ஒருமுறை. நோட்டில் நான்கு பத்தி: தேதி, நேரம், மீட்டர், காற்று. காற்று என்ற பத்தியில் வாடை, கொண்டல், சோழகம் என்று அவர்கள் சொல்கிற பெயரையே எழுத வேண்டும். டிரெல்லுண்ட் வரைந்த தாளில் இல்லாமல் போன மாதமும் காற்றும் இந்த நோட்டில் இருக்கும்.